நம்பிக்கை இடைவெளி இலக்கணம்

முழுமைத்தொகுதியின் சராசரியை ஒற்றை எண்ணாகச் சொல்லித் தொலைக்காமல், இதற்கும் அதற்கும் நடுவே என்று சொல்வது நம்பிக்கை இடைவெளி. அது பிறப்பால் மூவகை, பொருள்கொள்வோரால் நால்வகை என்மனார் பராநகர்ப் புலவர். (அப்படி எந்தப் புலவரும் சொன்னதில்லை. இலக்கணம் என்றால் யாராவது சொல்லியிருக்க வேண்டுமே.) பராநகர், கொல்கத்தாவின் வட ஓரத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இருக்குமிடம். பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் 1931இல் நிறுவியது அது.

முதல் வகை செல்வப்பிறப்பு. இதற்கு முழுமைத்தொகுதியின் திட்டவிலக்கம், அதாவது அளவுகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு, பிறக்கும்போதே கையில் இருக்கும். அதைக் கூறின் (அளக்க எடுத்த மாதிரியின்) அளவுடைய வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப்பிழை, அதன் 1.96 மடங்கைக் கூறுச் சராசரியோடு கூட்டியும் கழித்தும் எழுதினால் 95 சதவீத இடைவெளி. சராசரியே தெரியாதவருக்குத் திட்டவிலக்கம் மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்கலாகாது. பாடநூலுக்கு வெளியே இவ்வகை அரிது.

இரண்டாவது கடன்பிறப்பு. திட்டவிலக்கத்தையும் கூறிடமே கடன் வாங்குவதால் வட்டி உண்டு: பத்துப் பேரைக் கொண்ட கூறென்றால் 1.96 போய் 2.26, முப்பது பேரென்றால் 2.05. இந்த வட்டி விகிதத்துக்கு 1908இல் வழி கண்டவர் கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்த காசெட்.

மூன்றாவது இரட்டைப்பிறப்பு, வங்கத்து வயலுக்கே உரியது. புள்ளியியலாளர் நெய்மன் நம்பிக்கை இடைவெளிக்கு முழுக் கோட்பாடு எழுதிய அதே 1937இல் மஹலனோபிஸ் வங்காளத்தில் சணல் பயிரை மாதிரி எடுத்து அளக்கத் தொடங்கினார். அளப்பவர் மரநிழலில் உட்கார்ந்தே படிவத்தை நிரப்பினால் எந்தச் சூத்திரத்துக்கும் அது தெரியாது. ஆகவே ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனிக் கூறுகளோடு அனுப்பும் முறையை அவர் வகுத்தார். உண்மைக்கு மேலோ கீழோ விழ ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் சம வாய்ப்பு என்றால், இரண்டும் மேலே விழக் கால்வாசி, இரண்டும் கீழே விழக் கால்வாசி. மீதி அரைவாசியில் உண்மை நடுவே அகப்படும். ஆக, இரு விடைகளுக்கு இடைப்பட்டதே 50 சதவீத இடைவெளி. பட்டியல் புரட்ட வேண்டாம். நான்கு குழுக்களானால் 87.5. ஆறானால் 97க்குச் சற்றுக் குறைவு. விடைகள் அளவுக்கு மீறி விலகினால் யாரோ வயலுக்குப் போகவில்லை என்பது கூடுதல் வரவு. எல்லாக் குழுவும் ஒரே தவற்றைச் செய்தால் மட்டும் இம்முறையும் கைவிரிக்கும்.

இனிப் பொருள்கொள்வோர். மஹலனோபிஸ் 1922இல் வெளியிட்ட ஆய்வு, கொல்கத்தா ஆங்கிலோ-இந்தியர் 200 பேரின் உயரத்தைப் பற்றியது. அளவுகளை எடுத்துவைத்திருந்தவர் விலங்கியலாளர் அன்னண்டேல். அதுபோன்ற ஒரு கூறில் நாம் கணக்குக்கு நூறு பேர், சராசரி 165 செ.மீ., திட்டவிலக்கம் 6 என்று கொள்வோம். திட்டப்பிழை 0.6. இடைவெளி 163.8 முதல் 166.2 வரை.

நூற்றுக்கு 95 பேரின் உயரம் இதற்குள் என்பவர் குடியேற்றுவோர். உண்மையில் பதினைந்து பதினாறு பேர்தான் இதற்குள் தலைநீட்டுவார்கள். அடுத்த கூறின் சராசரியும் 95 சதவீதம் இங்கேயே விழும் என்பவர் சோதிடர். அந்த வாய்ப்பு சராசரியாக 83 சதவீதமே. உண்மைச் சராசரி இந்த இரு எண்களுக்குள் இருக்க வாய்ப்பு 95 சதவீதம் என்பவர் உடைமையாளர். மூவரிலும் இவரே மதிப்பிற்குரியவர், எண்ணிக்கையிலும் பெரியவர். பேராசிரியர் பலர் இவ்வகையினர். உண்மைச் சராசரி நிலையாக ஓரிடத்தில் நிற்கிறது. அகப்பட்டுவிட்டது அல்லது அகப்படவில்லை. 95 என்பது முறைக்கு உரிய மதிப்பெண்: நூறு முறை கூறெடுத்து நூறு இடைவெளி கட்டினால் ஏறத்தாழ 95 இடைவெளிகள் அதைப் பிடிக்கும். கையிலிருப்பது எந்த இனம் என்று தெரியாது என்று ஒப்புக்கொள்பவர் நான்காமவர். அவர் சொல்வதே சரி. அவரைக் கூட்டங்களில் பேச அழைப்பதில்லை.

இடைவெளியே தராமல் ஒற்றைச் சராசரியை மட்டும் அச்சிடும் அறிக்கைகள் உண்டு. அவை இவ்விலக்கணத்தில் அடங்கா. அவற்றை வதந்தி இலக்கணத்தில் காண்க.