சமதளம் தேடிய படலம்

நீரிழிவுக்காரனுக்குக் கிடைக்கும் உபதேசங்களில் தலையாயது நடை என்பதையும், அந்த உபதேசத்துக்குத் தலையாட்டிவிட்டு நேரே தே தாரிக் கடைக்கு நடந்து, ‘கொராங் மானிஸ்’ என்று சொல்லிக்கொண்டே கெட்டிப்பாலை விழுங்குவது நம்மவர் சம்பிரதாயம் என்பதையும் நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. ஆனால், நேற்றுக் கிளினிக்கில் என் முழங்கால்களையும் இரத்தப் பரிசோதனைச் சீட்டையும் மாறி மாறிப் பார்த்த இளம் மிஸ்ஸி ஒருத்தி, “அங்கிள், கால்ல பலம் இல்ல, மேடு பள்ளம் வேணாம்; சாப்பிட்ட பிறகு சமதளமா பார்த்து அரை மணி நேரம் நடங்க” என்று திருவாய் மலர்ந்ததுதான் இன்னும் ஜீரணமாகவில்லை. நலிந்த கால்காரர் நடப்பதற்குரிய விதிகளைப் பின்னால் சொல்கிறேன். முதலில் இந்தச் சமதளத்தைப் பற்றி விசாரிப்போம்.

கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் மேலே தொற்றிக்கொண்டிருக்கும் பிரிஞ்சாங்கில், ஒரு திசையில் நடந்தால் 2,000 மீட்டரைத் தாண்டிய மலை மூச்சை வாங்குகிறது. மறு திசையில் நடந்தால் பள்ளம் முழங்காலை வாங்குகிறது. சமதளம் வேண்டுமென்றால் தானா ராத்தாவுக்குப் போகலாமே என்று ஊர்ப் பெயரைக் காட்டி ஹாஸ்யம் பண்ணுகிறவர்களோடு நான் பேசுவதில்லை. இரண்டு ஊர்களுக்கும் நடுவே கோல்ப் மைதானம் ஒன்று விசாலமாகக் கிடக்கிறது; அங்கே பந்துக்கு உள்ள சலுகை என் பாதங்களுக்கு இல்லை.

நடக்கும்போது வேலை செய்யும் தசைகள் இன்சுலினின் தயவை எதிர்பாராமலே இரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன என்னும் வைத்திய சாஸ்திரத்தோடு எனக்கு விரோதமில்லை. ஆல்ப்ஸ் மலையில் சிலரை ஏறவிட்டுக் கம்பிவட வண்டியில் இறக்கியும், வண்டியில் ஏற்றி நடந்து இறங்கவிட்டும் சோதித்த ஆஸ்திரிய வைத்தியர்கள், சர்க்கரையைச் சமாளிக்கும் சக்தியை மேம்படுத்தியது இறக்கமே என்று 2004இல் அறிவித்தார்கள். பரம சந்தோஷம்! ஆனால் இறங்கும்போதுதான் தேகத்தின் பாரமெல்லாம் தொடையிலும் முழங்காலிலும் வந்து உட்காருகிறது; சர்க்கரை கும்பிடும் சாமியை மூட்டு சபிக்கிறது.

இவ்வூரில் நடை என்றதும் எனக்கு ஜிம் தாம்சன் ஞாபகம்தான் வருகிறது. தாய்லாந்துப் பட்டுத் துணியை உலகறியச் செய்த அந்த அமெரிக்கர், 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறன்று, மலைப்பக்கம் நண்பர்களோடு உல்லாச போஜனம் முடித்துத் திரும்பி, மற்றவர்கள் பிற்பகல் ஓய்வில் இருந்தபோது, சிகரெட்டையும் மருந்துப் பெட்டியையும் தாம் தங்கியிருந்த மூன்லைட் பங்களாவிலேயே விட்டுவிட்டுக் காலாற நடந்தவர், இன்றுவரை திரும்பவில்லை. போலீசார் தேடினார்கள், ஒராங் அஸ்லி மக்கள் தேடினார்கள், ஞானதிருஷ்டிக்காரர்களும் வந்து தேடினார்கள். புலி தின்றது என்றனர் சிலர். முன்னாள் உளவுத்துறைக்காரர் ஆதலால் எதிரிகள் கடத்தினர் என்றனர் சிலர். லாரி மோதியிருக்கும் என்றனர் இன்னும் சிலர். என் அபிப்பிராயம் வேறு. போஜனத்துக்குப் பின் நடை, வயதோ 61: யாரோ ஒரு மிஸ்ஸி அவரிடமும் ‘சமதளமா பார்த்து’ என்று சொல்லியிருக்கிறாள். நல்ல மனிதர், சொல்லைத் தட்டாமல் தேடிக்கொண்டு போயிருக்கிறார். இந்த வளைவுக்கு அப்பால் இருக்கும், அந்தத் தேயிலைச் சரிவுக்கு அப்பால் இருக்கும், பாசி படர்ந்த காட்டுக்கு அப்பால் நிச்சயம் இருக்கும் என்று போனவர், இன்னமும் போய்க்கொண்டிருக்கிறார். அவருடைய சர்க்கரை இதற்குள் பிரமாதமாகக் குறைந்திருக்க வேண்டும். மறு பரிசோதனைக்குத்தான் ஆளைக் காணோம்.

அவர் காலத்திலாவது ரஸ்தாவில் நடக்க இடம் இருந்திருக்கும். இப்போதோ வாரக் கடைசியில் ஸ்ட்ராபெரி தின்ன வருகிறவர்களின் கார்கள் கடைவாசல் ஐந்தடி வரைக்கும் ஏறி நிற்க, காய்கறி லாரி ஒரு பக்கமும் சாக்கடை மறு பக்கமுமாக, தடியூன்றிய கிழவன் எந்தப் பக்கம் விழுவது என்பதில் மாத்திரமே சுதந்திரம் பெற்றிருக்கிறான். இந்நாட்டில் வயது வந்தவர்களில் 15.6 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்று 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கூறுகிறது. அத்தனை பேரும் உபதேசத்தை மதித்து ஒரே மாலையில் நடக்கப் புறப்பட்டால் எங்கே கால் வைப்பார்கள் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. விதிகள் கிடக்கட்டும், இனி என்னை நடக்கச் சொல்ல வருகிறவர்கள், தயவுசெய்து தங்கள் காரை வேறெங்காவது நிறுத்திவிட்டு வாருங்கள்.