சனிக்கிழமை எழுதிக்கொள்ளும் மனு

அனுப்புநர்: சனிக்கிழமை, வாரத்தின் கடைசி ஊழியன், நேபாள நாட்காட்டி.

பெறுநர்: நிலநடுக்க நிவாரணத்துக்குப் பொறுப்பான உயர் அதிகாரி அவர்கள், சிங்க தர்பார், காத்மாண்டு.

பொருள்: பள்ளிப் பிள்ளைகளைக் காப்பாற்றும் கூடுதல் பொறுப்பிலிருந்து விடுவிக்கக் கோருதல்.

பார்வை: 25.04.2015 அன்று (நேபாள ஆண்டு 2072, வைசாகம் 12) அடியேன் ஆற்றிய பணி.

மதிப்பிற்குரிய ஐயா,

என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுகிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. புதுக்காரியம் தொடங்குகிறவர்கள் என்னைத் தாண்டிப் போவார்கள். என் பெயர்கொண்ட கிரகத்துக்கு விளக்கேற்றுகிறவர்கள்கூட வா என்று ஏற்றுவதில்லை, போய்த்தொலை என்றுதான் ஏற்றுகிறார்கள். தமிழ்நாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், சனிப் பிணம் தனியே போகாது என்று பழமொழியே கட்டிவிட்டார்கள். பார்வையில் கண்ட நாளின் நிலநடுக்கத்தால் இறந்தவர்கள் ஏறத்தாழ 9,000 பேர். பழமொழிக்காரர்கள் பார்த்தாயா என்று தலையாட்டியிருப்பார்கள். என் கோப்பில் இன்னொரு பக்கமும் உண்டு என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரவே இம்மனு.

அன்று காலை 11.56க்குக் கோர்க்கா மாவட்டத்துப் பார்பாக் அருகே பூமி அசைந்தது. அளவு 7.8. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் சேதம். 25,000 வகுப்பறைகளுக்கு மேல் தரைமட்டம். வேறு கிழமையாக இருந்தால் பாடம் நடந்துகொண்டிருக்கும் நேரம். அன்று கூரை விழுந்தது வெறும் பெஞ்சுகள்மேல். காரணம், நேபாளத்தில் வார விடுமுறை அடியேன்தான். இதற்காக நான் திட்ட அறிக்கை தயாரிக்கவில்லை, நட்சத்திர ஓட்டலில் கருத்தரங்கு நடத்தவில்லை, டெண்டர் விடவில்லை. சும்மா இருந்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறித்த நேரத்தில் வந்து சேர்ந்த நிவாரணம் எது என்று கணக்கெடுத்தால், நான் ஒருவன்தான் தேறுவேன்.

மற்ற நிவாரணங்கள் என்னைப்போல் அவசரக்குடுக்கைகள் அல்ல. அவை முறைப்படி வந்தன. காத்மாண்டு விமான நிலையத்துக்கு இருப்பது ஒரே ஓடுதளம். அதில் இடம் கிடைத்து இறங்கிய சரக்குக்கு அடுத்த பரீட்சை சுங்கத்தில். சோதனையைக் கொஞ்சம் தளர்த்துங்கள் என்று ஐ.நா. அதிகாரியே வாய்விட்டுக் கேட்கவேண்டியிருந்தது. தார்ப்பாய்க்கும் கூடாரத்துக்கும் இறக்குமதி வரி கிடையாது என்று அரசு அறிவித்தது மே 1ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. அதற்குள் நான் என் அடுத்த முறைக்கே கிளம்பிக்கொண்டிருந்தேன். அனுப்பியவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. டியூனா மீனும் மயோனைசும் வந்து இறங்குகின்றனவே, தானியமும் உப்பும் சர்க்கரையும் அல்லவா வேண்டும் என்று அன்றைய நிதியமைச்சர் ராம் சரண் மகத் நொந்துகொண்டார். வீடிழந்தவன் கஞ்சிக்கு மயோனைஸ் தொட்டுக்கொள்வான் என்று எந்த நாட்டில் யார் நினைத்தார்களோ!

மே 12ஆம் தேதி மறுபடியும் ஒரு பெரிய நடுக்கம், 7.3. அது செவ்வாய்க்கிழமை, அதுவும் நடுப்பகல். பள்ளி நாள்தான். ஆனால் முதல் நடுக்கத்திலிருந்தே பள்ளிகள் மூடிக்கிடந்தன. முதல் முறை காப்பாற்றியது விடுமுறை. இரண்டாம் முறை காப்பாற்றியது பூட்டு. கட்டடம் காப்பாற்றியது என்று எழுதத்தான் எனக்கு ஆசை.

மே 31இல் பள்ளிகள் திறந்தன. மூங்கில் நட்டு, தார்ப்பாய் போட்டு, தற்காலிக வகுப்பறைகள். நின்றிருந்த கட்டடங்களைப் பொறியாளர்கள் பார்த்து, உள்ளே போகலாம் என்றால் பச்சை, கூடாது என்றால் சிவப்பு என்று ஒட்டினார்கள். முதல் நாட்களில் பாடப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பாட்டும் விளையாட்டுமாகப் பிள்ளைகளைத் தேற்றினார்கள் ஆசிரியர்கள். அவர்களில் பலருக்கும் வீடு போயிருந்தது. இந்தப் பத்தியில் பகடி செய்ய எனக்கு ஒன்றும் அகப்படவில்லை, மன்னிக்கவும்.

ஜூன் 25ஆம் தேதி மாநாட்டில் அந்தக் குறை தீர்ந்தது. உலக நாடுகள் கூடி 440 கோடி டாலர் தருவதாக வாக்களித்தன. வாங்கிச் செலவழிக்க ஓர் ஆணையம் வேண்டுமே! அவசரச் சட்டத்தில் அது பிறந்தது, தலைவரும் நியமனமானார், உரிய காலத்தில் நாடாளுமன்றம் ஒப்புதல் தராததால் சட்டம் காலாவதியானது. டிசம்பரில்தான் மறுபிறவி. இடையில் சுமார் 25 சனிக்கிழமைகளாக நான் வந்து போனேன். ஒவ்வொரு முறையும் மலைமேல் குளிர் கொஞ்சம் கூடியிருந்தது. கம்பளி உடை வாங்கக் குடும்பத்துக்கு 10,000 நேபாள ரூபாய் என்றார்கள். போர்த்திக்கொள்ளலாம்; ஆனால் தார்ப்பாய்க்கு யார் போர்த்துவது?

வீட்டுக்கு முதலில் 2 லட்சம் என்றீர்கள். பிறகு 3 லட்சமாக உயர்த்தி மூன்று தவணையாகப் பிரித்தீர்கள்: 50,000, ஒன்றரை லட்சம், ஒரு லட்சம். ஒரு தவணைக்குரிய வேலை முடிந்ததைப் பொறியாளர் வந்து பார்த்தால்தான் அடுத்த தவணை. வீடு இடிந்ததற்கு மலையே சாட்சி. ஆனால் நிலம் தன்னுடையது என்பதற்குக் காகிதம் வேண்டும். காகிதமோ இடிந்த வீட்டுக்கு அடியில். அதைத் தேடி எடுத்தவன் மலையிறங்கி நடந்து வந்து சேர்கிற நாள் நானாக இருந்துவிட்டால் அலுவலகம் பூட்டு. இந்த ஒரு விஷயத்தில் நானும் குற்றவாளிதான்.

பின்னாளில் பல லட்சம் வீடுகளும் ஆயிரக்கணக்கான பள்ளிகளும் எழுந்ததை மறைக்கமாட்டேன். 2021 டிசம்பரில் ஆணையம் தன் கடையைக் கட்டியது. மறு ஆண்டு மே மாதம் எனக்குத் துணையாக ஞாயிற்றுக்கிழமையையும் விடுமுறை ஆக்கினீர்கள். பிள்ளைகளுக்குக் காவல் இரட்டிப்பானது என்று மகிழ்ந்தேன். ஒரே மாதத்தில் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள்.

இப்போது நான் ஏன் விலக நினைக்கிறேன் என்பதைச் சொல்லவேண்டும்.

03.11.2023, வெள்ளிக்கிழமை, இரவு 11.47. மேற்கே ஜாஜர்கோட்டில் பூமி அசைந்தது. நான் பணியேற்க இன்னும் 13 நிமிடம் இருந்தது. இறந்தவர்கள் 150க்கும் மேல். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குழந்தைகள். அந்த 13 நிமிடத்தை நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு புரிந்தது, நான் முன்னதாக வந்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. விடுமுறை என்றால் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். அன்று விழுந்ததே வீடுதான்: கல்லை அடுக்கி மண்ணால் பூசிய சுவர், உள்ளே உறங்கும் பிள்ளைகள். பிழைத்த குடும்பங்களுக்குத் தற்காலிகக் குடிசை கட்ட 50,000 ரூபாய், இரண்டு தவணையாக. மறுபடியும் குளிர்காலம், மறுபடியும் தார்ப்பாய், மறுபடியும் தவணை.

எனவே என் கோரிக்கைகள்:

1. பள்ளிப் பிள்ளைகளின் உயிருக்குப் பொறுப்பு என்ற பதவியிலிருந்து என்னை உடனே விடுவிக்கவேண்டும்.

2. முடியாது என்றால், அடுத்த நடுக்கம் சனிக்கிழமைப் பகலில், மழையில்லாமல், ஊரே வயலில் நிற்கும் நேரத்தில் வரும்படி இந்திய நிலத்தட்டுக்கு ஒரு குறிப்பாணை அனுப்பவேண்டும். இமயத்துக்கு அடியில் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. நுழைந்துகொண்டேயிருக்கிறது அது. இந்த வட்டாரத்தில் தவணை தவறாத அலுவலகம் அது ஒன்றுதான்.

3. அதுவும் கீழ்ப்படியாது என்றால், சுவரைக் கவனிக்கவேண்டும். காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் முன்கூட்டியே வலுப்படுத்திய பள்ளிக் கட்டடங்கள் 2015இல் நின்றன. மந்திரம் ஒன்றுமில்லை. சுவரின் இரண்டு முகங்களையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக் கல், சுவரைச் சுற்றிலும் இழுத்துக் கட்டும் கான்கிரீட் பெல்ட், இவற்றையெல்லாம் அறிந்த கொத்தனார். கட்டடம் விழுந்தபின் மூன்று தவணையில் தருவதில் கொஞ்சத்தை விழுமுன்பே தந்தால் போதும்.

இவ்வளவும் செய்தபின் நான் பழையபடி சும்மா இருக்கிறேன். பட்டம் விடவும் பந்தடிக்கவும் பிள்ளைகள் எனக்காகக் காத்திருந்தால் போதும். உயிர் பிழைக்க அவர்கள் என்னை நம்பவேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
சனிக்கிழமை

நகல்: ஞாயிறு முதல் வெள்ளி வரை, அறுவருக்கும், தகவலுக்காக. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்திருப்பது உங்கள் நாட்களில்தான்.