கதவில் யார் பெயர்?

அமெரிக்காவில் சொந்தமாக லாரி வாங்கிய டிரைவர், அன்றே முதலாளி ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். அடுத்த கேள்வி: லாரிக் கதவில் யார் பெயர்?

பெரிய கம்பெனிக்கு லீஸுக்கு விட்டால் அவர்கள் பெயர், அவர்கள் டி.ஓ.டி. (மத்தியப் போக்குவரத்துத் துறை) எண். லோடு பிடிப்பதும் விபத்துக் காப்பீடும் அவர்கள் பாடு. தவணை, டீசல், டயர் பெரும்பாலும் இவர் பாடு. செட்டில்மென்ட் சீட்டில் வரவு ஒரு வரி, பிடித்தம் ஒரு பத்தி. எதெதற்குப் பிடிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்கிறது மத்திய அரசு விதி. எழுதித்தான் இருக்கிறார்கள், பொடி எழுத்தில்.

'நானே ராஜா' என்று சொந்த உரிமமும் எடுக்கலாம். விண்ணப்பக் கட்டணம் வெறும் 300 டாலர். பிறகு பொதுச் சரக்குக்குச் சட்டம் 7,50,000 டாலர் காப்பீடு கேட்கும். லோடு பிடித்துத் தரும் புரோக்கர்கள் 10 லட்சம் கேட்பார்கள். முதல் 18 மாதம் புதுமுகம் என்று அரசு கண்காணிக்கும். புது எண்ணைக் கண்டதும் பல புரோக்கர்கள், "கொஞ்ச மாசம் ஓட்டிட்டு வாங்க" என்பார்கள். லோடே இல்லாமல் எதை ஓட்டுவது என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்று மாதத்துக்கொரு முறை மாநிலவாரியாக டீசல் வரிக் கணக்கு வேறு. ஆக, அந்தச் சொந்தக் கம்பெனியில் முதலாளி, டிரைவர், கணக்குப்பிள்ளை என மூன்று பேர். சட்டை ஒன்றுதான்.