மிஸ்ஸிக்கு ஒரு மாப்பிள்ளை

மாமா ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டார். இனி படுக்க வேண்டியது நாங்கள்தான். நேற்று இரவு கண் அசரும் நேரத்தில் வாட்சப்பில் அவர் குரல்: “தம்பி, நீதான் பத்திரிகைல எழுதுற ஆளாச்சே. வார்டுல என்னைப் பாத்துக்கிட்ட மிஸ்ஸியப் பத்தி நல்லா எழுதிப் போடு. தங்கமான புள்ள!”

நல்ல எண்ணம்தான். நானும் எழுந்து உட்கார்ந்தேன். உடனே அடுத்த குரல்: “அப்படியே நம்ம சிங்கப்பூர் பையன் போட்டோவ ஓரமாப் போட முடியுமான்னு கேட்டுப் பாரு.”

அந்த மிஸ்ஸி மாமாவுக்கு அப்படி என்ன செய்தார் என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் நம் ஆட்கள் வார்டில் நடத்தும் விசாரணையைப் பற்றி இரண்டு வார்த்தை.

மலாய் மிஸ்ஸி வந்தால் ஒரு ‘தெரிமா காசே’யோடு நம் நன்றி முடிந்துவிடும். வந்தவர் தமிழில் “வலிக்குதா அங்கிள்?” என்று கேட்டுவிட்டாலோ, வலி பறந்துவிடும்.

“எந்த ஊரும்மா?”

“குளுவாங், அங்கிள்.”

“டவுனா, தோட்டமா?”

“கையை நீட்டுங்க அங்கிள், பிரஷர் பாக்கணும்.”

“தோட்டம்னா எந்த டிவிஷன்?”

“பேசாதீங்க அங்கிள், பேசினா ரீடிங் ஏறும்.”

“சரிம்மா, பேசல. தாத்தா கிராணியா இருந்தாரா, மந்தோரா?”

ரீடிங் ஏறியது. மறுபடி எடுத்தார்கள். அதற்குள் அப்பாவின் சொந்த ஊர் லாபிஸ் என்று தெரிந்துவிட்டது, மறுபடியும் ஏறியது. மாமாவுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்ததற்குப் பாதிக் காரணம் லாபிஸ்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பார்வையாளர் நேரம் வந்தால் விசாரணைக் கமிஷனில் உறுப்பினர்கள் கூடுவார்கள். அத்தை ஒரு பக்கம், சம்பந்தியம்மா ஒரு பக்கம். பக்கத்துக் கட்டிலில் மூக்கில் குழாயோடு கிடந்த யோங் பெங் பெரியவர்கூட ஒரு விரலைத் தூக்கி, “லாபிஸ்ல எந்தத் தோட்டம்?” என்றார். அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான். அந்தத் தோட்டங்களில் பாதி இன்றைக்கு தாமான் ஆகிவிட்டது; மீதி செம்பனைக் காடு. இருந்தாலும் ரப்பர் காலத்துப் பெரட்டுக் களத்தில் யார் பக்கத்தில் யார் நின்றார்கள் என்பது தெரியாமல் நமக்கு ஊசி ஏறாது. கடைசியில் அந்தப் பெண்ணின் பெரியப்பா, அத்தையின் தங்கை கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர் என்று நிரூபணமாயிற்று. கட்டிலைச் சுற்றி ஒரே ஆரவாரம். அந்தப் பெண் சிரித்தபடியே சலைன் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தார்.

உறவு பிடிபட்டதும் அடுத்த கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான். நம்மிடம் நன்றி என்பது மாப்பிள்ளை வடிவத்தில்தான் வரும்.

எனக்கு எரிச்சலே இங்குதான். இரவு ஷிப்ட் என்றால் ஒன்பது மணிக்கு வந்து காலை ஏழுக்குப் போவது. அசைய முடியாதவர்களை முதுகு புண்ணாகாமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது. இதற்கு மேல் வார வேலையை 45 மணி நேரமாக்கப் போவதாக 2024-இல் பேச்சு எழுந்து, தாதியர்கள் கொதித்துப் போனார்கள். மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாம் கட்டுவது நாளுக்கு 3 ரிங்கிட். ரொட்டி சானாயும் தே தாரேக்கும் அதைவிட அதிகம். ஆனால் டிஸ்சார்ஜ் அன்று மாமா இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதது டாக்டரிடம். தினமும் வந்து, சார்ட்டைப் பார்த்துவிட்டுப் போவாரே, அவரிடம். ராஜமாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்தாயிற்று. மிஸ்ஸிக்கு மைலோ பாக்கெட் நீட்டினார்கள். வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கருத்துப் படிவத்தில் இரண்டு வரி எழுதலாமே என்றேன். “கண்ணாடி கொண்டு வரல” என்றார் அத்தை.

மாப்பிள்ளை திட்டத்தின் உச்சத்தை இன்னும் சொல்லவில்லை. “கல்யாணம் ஆச்சுன்னா அந்தப் புள்ளயும் சிங்கப்பூர் ஆஸ்பத்திரிலயே வேலைக்குப் போயிரலாம்” என்கிறார் மாமா. ஒரு கிலோமீட்டர் பாலம். அந்தப் பக்கம் ஒரு வெள்ளி என்றால் இங்கே மூன்று ரிங்கிட்டுக்கு மேல். ஏற்கெனவே எத்தனையோ தாதியர் அந்தப் பாலத்தைக் கடந்துவிட்டார்கள். இருக்கிற ஒருவரையும் மாமா தாம்பூலத்தோடு அனுப்பி வைக்கப் பார்க்கிறார். அடுத்த முறை இவர் படுத்தால் புரட்டிப் போட யார் வருவார்? பால்குடமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலை போன் செய்து, “மாமா, கட்டுரைக்கு வேணும். மிஸ்ஸி உங்களுக்கு என்ன செஞ்சாங்க?” என்று கேட்டேன்.

“நல்லாப் பாத்துக்கிச்சு.”

“எப்படி?”

“நல்லாத்தான்.”

“சரி, பேராவது சொல்லுங்க.”

மாமா போனைக் கையால் மூடிக்கொண்டு அத்தையைக் கேட்பது கேட்டது. அத்தை சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“அவங்க தாத்தா பேரு தெரியும். எழுதிக்கிறியா?”