மாலைக்கு ஒரு சாதிச் சான்றிதழ்

பாசிமணிச் சரம் ஒன்று பழங்குடியாக எவ்வளவு நேரம் பிடிக்கும்? அட்டை அச்சாகும் நேரம்தான். சென்னையில் குளிரூட்டிய கடையொன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்த மாலையில் 'ட்ரைபல் கலெக்‌ஷன்' என்று ஒரு சீட்டுத் தொங்கியது. எந்தப் பழங்குடி என்று விற்பனைப் பெண்ணைக் கேட்டேன். "எல்லாம் மிக்ஸ் சார்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முதலாளிக்கும் அதற்குமேல் தெரிந்திருக்காது.

பக்கத்திலேயே கறுப்பேற்றிய ஜெர்மன் சில்வர் வளையங்கள். அந்த உலோகத்தில் செம்பு உண்டு, நிக்கல் உண்டு, துத்தநாகம் உண்டு; வெள்ளி மட்டும் கிடையாது. பழங்குடியே இல்லாத பழங்குடி நகையை வேறு எதில்தான் வார்ப்பது?

சரம் பழங்குடியான கதை இது. அதைக் கோக்கிறவர்கள் பழங்குடியான கதை கொஞ்சம் நீளம். நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்று அரசு அமைத்த லோகூர் குழு சொன்னது 1965இல். நாடாளுமன்றம் அதற்கான மசோதாவை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். 57 ஆண்டுகள்! பரிந்துரை வந்த நாளில் தொட்டிலில் கிடந்த பிள்ளை, பேரப்பிள்ளைக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டது. இடையில் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாகச் செய்த வேட்டை குற்றமானது. பாசியும் ஊசியும் மிஞ்சின. பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் துணி விரித்து உட்கார்ந்தார்கள். ஐம்பது ரூபாய்ச் சரத்தை நாம் முப்பதுக்குக் கேட்டோம். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மட்டும் நமக்கு வாய் அடைத்துவிடுகிறது. அங்கே பேரம் பேசினால் கௌரவக் குறைச்சல்.

வேஷத்தின் மீது நமக்கு எப்போதுமே பிரியம்தான். 1968இல் 'ஒளிவிளக்கு' படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நரிக்குறவர் வேடத்தில் ஆடினார்கள், ஊரே விசிலடித்தது. திரைக்குள் பாசிமணி போகலாம். 2023 மார்ச்சில், காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய நரிக்குறவர் குடும்பத்தைச் சென்னைத் திரையரங்கு ஒன்றின் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கேட்டதற்கு, படத்துக்கு யு/ஏ சான்றிதழ், கூடவே சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றது நிர்வாகம். பெரியவர் துணையோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்பதுதான் அந்தச் சான்றிதழுக்கே அர்த்தம். பெரியவர்கள் பக்கத்தில்தான் நின்றார்கள், கழுத்து நிறையப் பாசிமணியோடு. அதற்கு முன்பே, 2021 டிசம்பரில், நாகர்கோவிலில் ஒரு நரிக்குறவர் குடும்பத்தை அரசுப் பேருந்திலிருந்தே இறக்கிவிட்டார்கள். பேருந்துக்கு என்ன சான்றிதழ் என்று யாரும் சொல்லவில்லை.

அமெரிக்கா தன் பழங்குடிகளைத் தலையில் வைத்துக் கொண்டாடிய நாடு அல்ல; நிலத்தைப் பிடுங்கிய கணக்கே தீராது. அங்கேகூட, செவ்விந்தியர் செய்யாததைச் செவ்விந்தியர் செய்தது என்று சொல்லி விற்றால் குற்றம். 1990ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தங்கள் பெயரை உள்ளாடைக்கும் மதுக்குப்பிக்கும் ஒட்டி விற்ற அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் மீது நவஹோ மக்கள் 2012இல் வழக்குப் போட்டார்கள். 2016இல் அந்த நிறுவனம் சமரசத்துக்கு இறங்கி வந்தது. நம் ஊர்க் கடைக்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்த இனத்தின் பெயரையும் அவர் சொல்வதில்லையே, யார் வழக்குப் போடுவது?

இங்கே கோர்ட்டுக்குப் போகிறவர்கள் வேறு காரியமாகப் போகிறார்கள். 2022 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் ஒருவர் தீக்குளித்தார், மறுநாள் இறந்தார். மகனுக்கு மலைக்குறவன் என்று பழங்குடிச் சாதிச் சான்றிதழ் கேட்டு அலைந்தவர். பாட்டன் பெயர், பூட்டன் ஊர், குலதெய்வம், சடங்கு என்று ஒரு மனிதனைத் துருவித் துருவிக் கேட்கும் இந்த நாட்டில், ஒரு மாலையிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அந்தச் சான்றிதழைக் கொடுக்கும் கோட்டாட்சியர்களுக்கு ஒரு யோசனை. இனி மனுவோடு ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாம் கேட்டு அலைக்கழிக்க வேண்டாம். அந்தக் குளிரூட்டிய கடையின் பில் ஒன்று போதும் என்று சுற்றறிக்கை விடுங்கள். அதில் 'ட்ரைபல்' என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறது. ஜிஎஸ்டி எண்ணும் இருக்கிறது.