மூன்றாவது பாட்டு

2025 ஜனவரி 9, ராத்திரி. கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. பாடகர் ஜெயச்சந்திரன் திருச்சூரில் காலமாகிவிட்டார், வயது 80. எங்கள் ஓடைப்பட்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பத்து நிமிடத்துக்குள் பதினோரு பேர் ஒரே பாட்டை அனுப்பியிருந்தார்கள். திருப்பூரிலிருந்து ஒருத்தர், குவைத்திலிருந்து ஒருத்தர், ஊருக்குள் அடுத்தடுத்த வீட்டிலிருந்தே ரெண்டு பேர். பன்னிரண்டாவதாக நானும் அனுப்பினேன். அழுகிற பொம்மைகள் வரிசையாக விழுந்தன. அப்புறம் யாரோ, "கீழத்தெருவுல கரண்ட் எப்ப வரும்?" என்று கேட்டார். பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

எந்தப் பாட்டு என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் விஜயகாந்துக்காக அவர் பாடியது. இன்றைக்கு அந்தப் படம் கவுண்டமணி, செந்திலின் பெட்ரோமாக்ஸ் விளக்கால்தான் பலருக்கு ஞாபகம். எங்களுக்கு அப்படி இல்லை. கம்பத்துப் பக்கம் ஒரு கொட்டகையில் இந்தப் பாட்டு ஓடும் நேரத்துக்குக் காட்டு யானைகள் வந்து நின்று, முடிந்ததும் திரும்பிப் போகும் என்று சொல்வார்கள். நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் நம்புகிறேன். மெட்டுப் போட்ட இளையராஜாவின் பண்ணைப்புரம் எங்கள் உத்தமபாளையம் தாலுகாவுக்குள்தான். பாடிய குரலோ மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரளக் குரல். அந்த மலையின் ரெண்டு பக்கமும் சேர்ந்து அழுத மாதிரி இருக்கும் அந்தப் பாட்டு.

1985-ல் இதே பாட்டை ஒரே ஓர் ஆளுக்குக் கொடுக்க நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

மாமா இறந்து எட்டு மாதம். முப்பத்தோரு வயதில் அத்தை தன் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போவாள், வருவாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். தோட்டக்காரர் பந்தல் கம்பியில் ரேடியோவைத் தொங்கவிட்டிருப்பார். ஒரு நாள் இந்தப் பாட்டு வந்தபோது பழம் அறுத்துக்கொண்டிருந்த அத்தையின் கத்தரி அப்படியே நின்றுவிட்டதாம். கூட வேலை பார்த்தவர்கள் வந்து அம்மாவிடம் சொன்னார்கள். எனக்கு அப்போது பதினேழு வயது. அத்தைக்கு இதைக் கேசட்டில் பதிந்து கொடுத்தே தீர வேண்டும் என்று பட்டது.

வெற்றுக் கேசட்டுக்கும் பதிகிற கூலிக்குமாக ரெண்டு நாள் சம்பளம் போய்விடும். சேர்த்து வைத்து, பன்னிரண்டு பாட்டுக்கு லிஸ்ட் எழுதி, பஸ் பிடித்துச் சின்னமனூர் ரெக்கார்டிங் சென்டருக்குப் போனேன். முதல் பாட்டாக இதைத்தான் எழுதியிருந்தேன். கடைக்காரர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "யாருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு காதிலிருந்த பேனாவை எடுத்து, லிஸ்டில் கிடந்த ஒரு குத்துப் பாட்டை அடித்தார். முதல் எண்ணை அழித்துப் பக்கத்தில் மூன்று என்று போட்டார்.

"எடுத்ததும் அழ வைக்கக் கூடாது தம்பி. ரெண்டு பாட்டு சும்மா ஓடட்டும். மனசு தானா அங்க வந்து உக்காரும்."

முதல் ரெண்டுக்கும் அவரே சுசீலாம்மா பாடிய பழைய பாட்டுகளைத் தேர்ந்து போட்டுக் கொடுத்தார். கேசட் கைக்கு வர நாலு நாள் ஆனது.

அத்தை அதை வீட்டின் பின்கட்டில் வைத்துக் கேட்டாள். தாலி அறுத்தவள் பாட்டுக் கேட்கிறாள் என்று தெருவில் பேச்சு வந்துவிடக் கூடாதே. டேப்ரிக்கார்டரின் மேல் ஈரத்துண்டு போட்டு மூடி, சத்தத்தைக் குறைத்து, தலையைச் சாய்த்து அதன் மேலேயே காதை வைத்துக்கொள்வாள். பேட்டரி தீர்ந்துவிடும் என்று ரீவைண்ட் பட்டனைத் தொட மாட்டாள். கேசட்டை வெளியே எடுத்து, பல்சக்கரத்தில் பென்சிலைச் செருகிச் சுற்றுவாள். எத்தனை சுற்றுச் சுற்றினால் மூன்றாவது பாட்டின் தொடக்கம் வரும் என்று அவள் விரலுக்குத் தெரியும்.

ஒரு மாதம் கழித்துக் கேசட் மேற்குத் தெருவுக்குப் போனது. அங்கே ஒரு அக்காவுக்குக் கல்யாணம் நின்றுபோயிருந்தது. அத்தையே முந்தானையில் மறைத்து எடுத்துக்கொண்டு போனாள். மாமா போன பிறகு அவளாக ஒரு வீட்டு வாசல் ஏறியது அன்றைக்குத்தான். அங்கிருந்து யார் யார் கைக்குப் போனதோ, அடுத்த வருசம் திராட்சை அறுப்புச் சமயத்தில்தான் திரும்பி வந்தது. போட்டுப் பார்த்தேன். மற்ற பாட்டெல்லாம் சுத்தமாக இருந்தன. மூன்றாவதில் மட்டும் நாடா தேய்ந்து ஜெயச்சந்திரனின் குரல் ரெண்டு இடத்தில் நடுங்கியது. முகம் தெரியாத எத்தனையோ பெண்கள் திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம் அது. அவர்களில் ஒருத்தியிடமும் நான் பேசியதில்லை. ஆனாலும் அவர்களை எனக்குத் தெரியும் என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது லட்சம் பாட்டு சட்டைப்பைக்குள் கிடக்கிறது. நான் அனுப்பியதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நீல டிக் கணக்குச் சொல்கிறது. குவைத்தில் தனியாகக் கிடக்கிற தம்பிக்கு நடுராத்திரியில் ஊர்ப் பாட்டு கிடைப்பது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ராத்திரி பன்னிரண்டு பேர் அனுப்பினோமே, யாருக்கு என்று எங்களை ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

விடிந்ததும் ஊருக்குப் போன் போட்டேன். அத்தைக்கு இப்போது எழுபத்தொன்று. பேரன் போனை அவள் காதில் வைத்தான்.

"பாடுனவரு போயிட்டாராமே மருமகனே?"

"ஆமா அத்தை. நேத்தே பாட்ட அனுப்பிட்டேனே, கேட்டியா?"

"இவன் போட்டுவிட்டான். எடுத்த எடுப்புல அது வந்துருச்சு." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதுக்கு முந்தி சுசீலாம்மா ரெண்டு பாட்டுப் பாடுமே. அதையும் அனுப்பிவிடு. முதல்ல இருந்து கேக்குறேன்."