பக்க எண்ணுக்கும் பட்டா

அமெரிக்காவில் தீர்ப்பு எழுதும் நீதிபதிக்குச் சம்பளம் மக்கள் வரிப்பணத்தில். அந்தத் தீர்ப்பைத் தேடிப் படிக்க வழக்கறிஞர்கள் பெரும்பாலும் காசு கட்டுவது வெஸ்ட்லா, லெக்சிஸ் என்ற இரண்டு இணையக் கடைகளில். தீர்ப்பு பொதுச்சொத்துதான், யார் இல்லை என்றார்கள்? அது எத்தனையாவது பக்கம் என்பதில்தான் தகராறு. வெஸ்ட்லாவை நடத்தும் வெஸ்ட் பதிப்பகம் அச்சிட்ட தீர்ப்புத் தொகுதிகளின் பக்க எண்களை லெக்சிஸ் போடக்கூடாது என்ற தடையை 1986-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமே உறுதி செய்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியதற்குப் பதிப்புரிமை! 1998-இல் நியூயார்க்கில் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதெல்லாம் செல்லாது என்றது. அதற்குள் தாம்சன் என்ற நிறுவனம் 340 கோடி டாலருக்கு வெஸ்ட்டையே வாங்கியிருந்தது. இந்த இரண்டு கடைகளிலும் சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் பாஸ்வேர்டு இலவசம். பட்டம் வாங்கி, பழக்கம் முற்றிய பிறகுதான் பில் வரும்.